அருவிக்கு வலமாகப் போனோம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே, உடம்புக்கு என்ன என்று கேட்டுச் சிலர் கார்டு போட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனைமலைக்கு அப்பால் ஓர் அருவிக்குப் போயிருந்தேன். அவ்வளவுதான். போன விதத்தைத்தான் சொல்ல வேண்டும்...

என் மனைவி வள்ளியம்மாள் போன வருஷம் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள். வைத்தியர் கட்டுப் போட்டார். இவள் அருவிச் சாமியிடம் வேண்டிக்கொண்டாள் — கால் கூடினால் அருவிக்கு நடந்தே போய்க் குளித்துவிட்டு, நடந்தே திரும்புவேன் என்று. டோலி கூடாது, யார் தோளும் கூடாது.

கால் கூடியது. கொஞ்சம் இழுத்து நடக்கிறாள். வேண்டுதல் வேண்டுதல்தானே? கிளம்பிவிட்டோம். துணைக்கு அவள் தம்பி பழனிச்சாமியும் வந்தான்.

யானை நடமாடும் காடு. அதனால் அடிவாரத்திலிருந்து காட்டிலாகா வாட்சர் மாரப்பனும் கூட வந்தார். தடம் ஒரு குன்றைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறது. வலது பக்கமாகப் போனால் செங்குத்து. இடது பக்கம் நல்ல சாய்வு. எப்படிப் போனாலும் பாதி வழியில் அருவி.

"செங்குத்துல ஏறிப்போட்டு, சாய்வுல எறங்கிக்கலாமுங்க. நோவுக் காலுக்கு எறங்கறதுதானுங்க கஷ்டம்" என்றார் மாரப்பன்.

நான் விடுவேனா? இடது பக்கமாகப் புறப்பட்டால்தானே குன்று நம் வலக்கைப் பக்கம் வரும்? சாமி இருக்கிற குன்றை அப்பிரதட்சிணமாகவா சுற்றுவது?

"வலமாத்தான் போகோணும்" என்று முன்னால் நடந்தேன். வள்ளியம்மாள் பின்னால் வந்தாள்.

ஏறியது தெரியவில்லை. அருவியில் தண்ணீர் அப்படி ஒரு குளிர்ச்சி. உள்ளே நின்று அவள் அழுதாளா, சிரித்தாளா... தண்ணீர் மறைத்துவிட்டது. அக்கரையில் பாறைக்கு அடியில் மஞ்சள் பூசிய சாமிக்கல். இக்கரையில் நின்றே சூடம் காட்டிக் கும்பிட்டோம்.

பிறகு இறக்கம். இருபதடி இறங்கியிருப்போம், அவள் முழங்கால் மடங்கிவிட்டது. பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, எம் முதுகுல ஏறிக்க. சாமி கண்ணை மூடிக்கும்" என்றான் பழனிச்சாமி.

"நீ வாயை மூடு, அது போதும். நடந்து வாரேன்னு சாமிகிட்டச் சொல்லியிருக்கறேன்" என்றாள். என்னைப் பார்த்து, "ஏனுங்க, வந்த வழியே திரும்பிரலாமுங்களா?"

வலத்தைப் பாதியில் முறிப்பதா? எனக்கு மனசு ஒப்பவில்லை. சாமி குற்றமாகுமோ என்று மாரப்பனைக் கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "சாமி அக்கரையிலதானுங்களே இருக்குது. இந்தத் தடம் அதைச் சுத்தறதில்லீங்களே. குன்னு மேல இருக்கறது, தொரை வந்தாத் தங்கற பங்களாங்க."

சூடம் காட்டிய கை இன்னும் மணக்கிறது. அக்கரைச் சாமிக்கு இக்கரையில் நின்று காட்டியபோதும் உறைக்கவில்லை, பாருங்கள்!

"ஏனுங்க மச்சான், இத்தனை நேரமும் தொரையவா வலம் வந்தோம்?" என்றான் பழனிச்சாமி. "ஒரெட்டு மேல போயித் திருநீறு வாங்கிட்டு வந்தரட்டுங்களா?"

வலித்த முழங்காலைப் பிடித்துக்கொண்டு வள்ளியம்மாள் சிரித்தாள். "திரும்பலாம்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த இருபதடியையும் பாறையில் கை ஊன்றி, தன் காலாலேயே ஏறினாள். பிறகு ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு சாய்வில் மெல்ல இறங்கினாள். இந்த முறை நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன். அப்போதுதான் பார்த்தேன் — நாலு எட்டுக்கு ஒரு தரம் பல்லைக் கடித்துக்கொள்கிறாள். காலையிலும் அப்படித்தானே நடந்திருப்பாள்? எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் நமக்கு நன்றாகத் தெரிகிறது. கூட வருகிறவர்களைத்தான் திரும்பிப் பார்ப்பதில்லை.

பொழுது சாய்வதற்குள் அடிவாரம் வந்துவிட்டோம். வேண்டுதல் நிறைவேறிவிட்டது. குச்சியைக் கீழே போட்டுவிட்டு, அருவி இருந்த திக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"காலு ரொம்ப வலிக்குதா?" என்றேன்.

"இதைக் கேக்கத்தானுங்களா இத்தனை சுத்து?" என்றாள்.