யாருடன் போகிறீர்கள்?

1. அம்மாவின் தம்பிக்கு என்னைக் கட்டிக்கொடுப்பது என்று முடிவு செய்தார்கள்.
2. வேண்டாம் என்றேன். பத்திரிகை அடித்தார்கள்.
3. கடத்தூரில் பஸ் ஏறி தருமபுரிக்கு வந்து ஒரு பெண்கள் விடுதியில் சேர்ந்தேன். ‘நன்றாக இருக்கிறேன், தேடாதீர்கள்’ என்று அம்மாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு எண்ணை மாற்றினேன்.
4. மகளை எவனோ அடைத்துவைத்திருக்கிறான் என்று அப்பா உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்.
5. போலீஸ் என்னைக் கண்டுபிடித்தது.

சென்னைக்கு என்னை அழைத்துப்போன பெண் காவலருக்கு என் மேல் கோபம் இல்லை. ஒரே ஒரு சந்தேகம்தான்.

“பையன் எந்த ஊரு?”

“பையன் யாரும் இல்லைங்க்கா.”

“அட, எங்கிட்ட சொல்லும்மா. நானே ஓடிப்போயி கண்ணாலம் கட்டுனவதான்.”

“நெசமாவே இல்லைங்க.”

“தனியா ஓடியாந்தியா? அதுக்கு எதுக்குடி ஓடணும், நடந்தே வந்திருக்கலாமே!”

நானும் சிரித்தேன். அந்த மாதத்தில் யாரோடும் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான்.

நீதிபதி வயதைக் கேட்டார். இருபத்தைந்து. யாராவது அடைத்துவைத்திருக்கிறார்களா? இல்லை. யாருடன் போக விரும்புகிறீர்கள்? அந்தக் கேள்விக்கு எல்லாரும் ஒரு பெயர் சொல்வார்கள் போலிருக்கிறது. “தனியா” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நான் மேஜர், விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்று மனுவை முடித்துவைத்தார்.

வெளியே அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். “வூட்டுக்கு வந்துரு சாமி. மாமன வேணாம்னா வேணாம்.”

“அப்பாவும் அதையே சொல்றாராம்மா?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார். “எவனோடயாவது போயிருந்தாக்கூட ஊர்ல ஒரு பேச்சோட முடிஞ்சிருக்கும். இதை என்னன்னு சொல்றது?”

நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

என் வேலை மென்பொருளைச் சோதிப்பது. ஒரு அமைப்பு எங்கே உடைகிறது என்று பார்ப்பது. விடுதி அறையில் வேலை முடிந்ததும் பேச ஆள் இல்லாததால், இதே விஷயம் வேறு நாடுகளில் எப்படி நடந்திருக்கும் என்று படித்து அட்டவணை போட்டேன். இந்த மனுவின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே இப்போது கட்டாயத் திருமணத்தைத் தடுக்கத் தனி உத்தரவே உண்டு, தாலி ஏறும் முன்பே கேட்கலாம். மெக்சிகோவில் இதற்கும் வேறு பல உரிமைகளுக்கும் சேர்த்து ஒரே மனு இருக்கிறது. ஜெர்மனியில் பொதுவாக மற்ற நீதிமன்றங்களில் முறையிட்ட பிறகுதான் அரசமைப்பு நீதிமன்றத்தை அணுகலாம். இங்கே உயர் நீதிமன்றத்துக்கு நேராகவே போகலாம், அடைபட்டவருக்காக வேறு யாரும் கேட்கலாம்.

‘யார் கேட்டார்’ என்ற கட்டத்தில் வெகுநேரம் நின்றேன். நான் எதையும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தெரியாது. கேட்டது அப்பா. என்னை வீட்டுக்குக் கொண்டுவர அவர் போட்ட மனுதான், விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்ற உத்தரவை எனக்கு வாங்கித்தந்தது. அதன் பிறகு நான் எங்கே போவேன் என்பதற்கு எந்த நாட்டின் சட்டத்திலும் ஒரு கட்டம் தேறவில்லை.

மாமாவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. எனக்குச் சொல்லவில்லை. புது எண்ணை அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன். அவள் பார்த்துவிட்டாள், கூப்பிடவில்லை. நான் தருமபுரியில்தான் இருக்கிறேன். ஊருக்குப் போக எனக்குத் தடை எதுவும் இல்லை. இன்னும் போகவில்லை.