அமெரிக்க வானொலிக்காரரும் என் கணவரும்

என் கணவர் வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறவர். காலையில் சிட்னியின் டூங்கபியில் எங்கள் வாசலில் நிற்கும் வெள்ளை வான் வண்டியில் ஏறிப் போனால் பின்னேரம்தான் திரும்புவார். பகல் முழுக்க யாரோ ஒருவருடைய வெறும் வீட்டில் சுவரோடு தனியே நிற்கிற வேலை. அந்தத் தனிமைக்குத் துணையாக ஓர் அமெரிக்க வானொலி நிகழ்ச்சியைக் கேட்கத் தொடங்கினார். அங்கே பின்னேரம் நேரடியாகப் போவது எங்களுக்கு மறுநாள் காலையில் கிடைக்கும். ஒரே மனிதர் மணிக்கணக்காகப் பேசுவார். இடையிடையே நேயர்கள் தொலைபேசியில் வருவார்கள். வரி, எல்லை, பள்ளிக்கூடம், தேவாலயம், தேர்தல், நாட்டை யார் கெடுக்கிறார்கள் என்று எதையும் விடமாட்டார்.

முதலில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் என் கணவர் சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டு வெளியே போய்விட்டார். எடுத்துக்கொண்டு ஓடினேன். வான் இன்னும் புறப்படவில்லை. உள்ளே அவர் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டு, வானொலிக்கு ஆங்கிலத்தில் மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தார். என்னோடு அப்படிச் சிரித்து எத்தனை காலம் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. பெட்டியைக் கொடுத்தேன். சிரிப்பை நிறுத்திவிட்டு நன்றி சொன்னார்.

அவர் வீட்டில் அதிகம் பேசாதவர். கோபமோ வெறுப்போ கிடையாது. கேட்டதற்கு ஓம், இல்லை என்று பதில் வரும், அவ்வளவுதான். அகதியாகப் படகில் வந்தவர் என்பது கலியாணம் பேசும்போதே எனக்குத் தெரியும். அதைப்பற்றி ஒருமுறை கேட்டபோது, "கடலால வந்தனான், அவ்வளவுதான்" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. நானோ மாணவி விசாவில் விமானத்தில் வந்து இறங்கியவள். கேட்கிற உரிமை எனக்கில்லை என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பது என் வேலை. ஊசியைப் பார்க்காமலிருக்க ஆட்களைப் பேசவைப்பேன். முன்பின் தெரியாதவர்கள் கையை நீட்டிக்கொண்டு தங்கள் விவாகரத்தை, மகனோடு போட்ட சண்டையை, கடைசியாக ஊருக்குப் போய்வந்ததை எல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். ஊரெல்லாம் எனக்குக் கதை சொல்லியது. வீட்டில் மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த அமெரிக்கருக்கு முழங்காலில் ஒப்பரேஷன் என்று ஒரு கிழமை வேறு யாரோ நிகழ்ச்சியை நடத்தினார். என் கணவருக்கு அந்தக் கிழமை முழுக்க மனம் சரியில்லை. "வயசுபோன ஆள், காயம் மாறக் கொஞ்ச நாள் எடுக்கும்" என்று சாப்பிடும்போது தானாகச் சொன்னார். அதே கிழமை எனக்குக் காய்ச்சல். பனடோல் மாத்திரை எங்கே இருக்கிறது என்று மட்டும் எனக்குச் சொன்னார். அன்றைக்குத்தான் என் நெஞ்சுக்குள் எரிவது பொறாமை என்று எனக்கு விளங்கியது. ஒரு பெண்ணென்றால் சண்டை பிடிக்கலாம். எங்கேயோ கிடக்கிற கிழவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

சண்டைக்கு ஒரு வழி தேடிக் கேட்டேன்: "எங்களைப்போல ஆக்களை உள்ள விடக்கூடாது எண்டெல்லோ அந்தாள் கத்துது. உங்களுக்கு அதைக் கேக்க என்னண்டு மனம் வருது?"

"அவர் சொல்லுற எல்லாம் சரியெண்டு நான் சொல்லேல்லை" என்றார். அரசாங்கம் ஒரு மனிதனுடைய வாழ்க்கையிலிருந்து எட்ட நிற்கவேண்டும் என்று அந்த அமெரிக்கர் சொல்லும்போது மட்டும் தனக்காகவே யாரோ பேசுவதுபோல இருக்கும் என்றார். என் கணவர் வருடக்கணக்காகத் தற்காலிக விசாவில் இருந்தவர். இன்றைக்கும் அரசாங்க அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். அதனால் அந்தப் பதிலை என்னால் மறுக்க முடியவில்லை. பொறாமை மட்டும் குறையவில்லை.

கடைசியில் நானே களவாக அந்த நிகழ்ச்சியைக் கேட்கத் தொடங்கினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு வாங்கில் உட்கார்ந்து, காதில் இயர்போனைப் போட்டுக்கொண்டு, காலையில் போனதன் பதிவைக் கேட்பேன். அந்த அமெரிக்கரை வெறுப்பதற்கென்றே கேட்கப் போனேன். அவர் சொன்னவற்றில் பெரும்பாலானவை எனக்குப் பிடிக்கவும் இல்லை. ஆனால் அந்தக் குரல் நல்ல குரல். ஆயிரமாயிரம் பேருக்குப் பேசினாலும் பக்கத்துக் கதிரையில் இருக்கும் ஒருவரோடு கதைப்பதுபோல இருந்தது. தன் மனைவியின் சமையலைப் பற்றி, தன் நாயைப் பற்றி, தகப்பனின் கடையைப் பற்றியெல்லாம் சொன்னார். என் கணவர் ஏன் சிரித்தார் என்று எனக்குப் புரிந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்படி ஒரு மத்தியானம் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்த மனிதர், சிட்னியிலிருந்து ஒரு பெயின்ரர் லைனில் நிற்கிறார் என்றார்.

முதல் வசனத்தில் எனக்குக் குரல் பிடிபடவில்லை. நான் கேட்டறியாத ஆங்கிலம். ஆறுதலாக, தெளிவாக, தடுமாறாமல் வந்தது. இரண்டாவது வசனத்தில் கையிலிருந்த சான்ட்விச்சை மடியில் வைத்துவிட்டேன். அது என் கணவர்.

ஒவ்வொரு நாளும் கேட்கிறேன் என்றார். ஒரு நாட்டுக்கும் வீட்டு வாசலைப்போலப் படலை வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன் என்றார். ஆனால் படகில் வருகிறவர்களுக்கு எதற்கும் பயமில்லை என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள், நான் படகில் வந்தவன், பயத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லலாமா என்று கேட்டார்.

யாரையும் ஒரு வசனம் முழுதாகச் சொல்ல விடாத அந்த மனிதர், சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார்.

படகின் எஞ்சின் நின்றுபோன ஓர் இரவைப் பற்றி என் கணவர் சொன்னார். அலை மேலே ஏறி விழுந்தபோது, வளர்ந்த ஆம்பிளை, தான் அம்மா அம்மா என்று கத்தியதாகச் சொன்னார். பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவர் தன் கையைப் பிடித்தாராம். விடியும்வரை விடவில்லையாம். ஒரு சொல்லும் பேசவில்லையாம். கரையில் இறக்கியபோது இருவரையும் வெவ்வேறு வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள். பெயர்கூடத் தெரியாது என்றார்.

பிறகு அந்த அமெரிக்கர், சட்டத்தைப் பற்றிய தன் கருத்து மாறவில்லை, ஆனால் நேற்றுச் சொன்ன அந்த வசனம் பிழை என்றார். என் கணவருக்கு நன்றி சொன்னார். உடனே ஒரு மெத்தை விளம்பரம் தொடங்கியது.

நான் அழவில்லை. எனக்கு வந்தது கோபம். இத்தனை வருடம் பக்கத்தில் படுத்தெழும்புகிறவள் நான். எனக்குக் கிடைக்காத அந்த இரவின் கதை, முகம் தெரியாத ஒருவருக்கும் அவருடைய நேயர்கள் எல்லாருக்கும் கிடைத்துவிட்டது. அன்று பின்னேரம் நான் இரத்தம் எடுத்த யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அன்றிரவு குசினியில் அவருக்குச் சோறு போட்டுக்கொடுத்துவிட்டு முன்னால் இருந்தேன். "இண்டைக்கு அந்தாளோட கதைச்சனீங்கள் என்ன?"

அவருடைய கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றது. "ஓம்" என்றார். "நீர் கேட்டனீரோ?"

"கேட்டனான். எனக்கு ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?"

நான் எழும்பிப் போய்விடுவேன் என்று தெரிந்ததும் சொன்னார்: "உமக்குச் சொன்னா, அதுக்குப் பிறகு நீர் ஒவ்வொரு நாளும் என்ர முகத்தைப் பாப்பீர். அவருக்கு நான் ஆரெண்டே தெரியாது."

ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டு என்னிடம் எல்லாம் சொல்லுகிறவர்களும் அப்படித்தானே, மறுநாள் என்னைக் காணத் தேவையில்லை. அது விளங்கியும் மனம் ஆறவில்லை. "படகில அந்தாள் பிடிச்சது எந்தக் கை?" என்று மட்டும் கேட்டேன். இடதுகையை மேசைமேல் வைத்தார். நான் அதைத் தொடவில்லை. கோப்பைகளை எடுத்துக் கழுவப் போனேன்.

சில கிழமைகள் கழித்து, அமெரிக்காவில் தேர்தல் நெருங்கிய நேரம், ஒரு சனிக்கிழமை காலை வெளிநாட்டு நேயர்களைக் கூப்பிடச் சொன்னார் அந்த மனிதர். இருவருக்கும் வேலையில்லை. என் கணவர் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கோல் எடுக்கட்டோ?"

"எடுங்கோ. நானும் இஞ்சதான் இருப்பன்."

மேசையில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். ஒரு பெண் எடுத்துப் பெயரையும் ஊரையும் கேட்டாள், காத்திருக்கச் சொன்னாள், பிறகு பாட்டுப் போனது. தேத்தண்ணி ஆறியது. இன்னொரு கோப்பை போட்டேன். அதுவும் ஆறும்போது லைன் வெட்டுப்பட்டது. திரும்ப எடுத்தார், கிடைக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்துபோயிற்று. அவருடைய முகம் சின்னதாகிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கச் சீனிப் போத்தலை எடுத்து மூடிவைத்தேன்.

"என்ன சொல்ல இருந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் கதிரையில் சாய்ந்துகொண்டார். "அங்கத்தையச் சனம் ஆளையாள் திட்டுது. சனாதிபதியையும் பெயர் சொல்லித் திட்டுது. அடுத்தநாள் அதே நேரத்துக்கு அதே ஆள் திரும்ப வந்து கதைக்குது" என்றார். "எங்கட ஊரில அப்பிடிக் கதைச்ச எங்கட மாஸ்டரை அடுத்தநாள் காணேல்லை. விடியக்காலமை இந்த ஆள் வணக்கம் சொல்லேக்க, இண்டைக்கும் வந்திட்டுது எண்டு எனக்கொரு நிம்மதி. அதைத்தான் சொல்ல இருந்தனான்."

அந்த மாஸ்டரைப் பற்றியும் நான் கேள்விப்பட்டதில்லை. எந்தப் பாடம் படிப்பித்தவர் என்று கேட்டேன். புவியியல் என்றார். கரும்பலகையில் ஒரே இழுப்பில் இலங்கைப் படம் கீறுவாராம். பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். யன்னலைப் பார்த்தபடி, அதற்கும் எனக்குப் பதில் சொன்னார்.