ஸ்பீடு வேணுமா, எடம் வேணுமா

கல்யாண வீடியோவில் யார் பேசுவதும் கேட்காது. கேட்காமல் செய்வதுதான் என் முதல் வேலை. என் கணவர் மண்டபத்தில் எடுத்து வருவார். நெமிலிச்சேரியில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நான் அதை வெட்டி ஒட்டுவேன். கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன்னால் சத்தத்தை மொத்தமாக அணைத்துவிடுவேன். சமையல்காரரைத் திட்டும் மாமா, நாற்காலி இழுபடும் ஓசை, 'கொஞ்சம் தள்ளி நில்லுடி' என்று அதட்டும் பெரியம்மா, எல்லாம் போய்விடும். அதன் மேல் ஒரு பாட்டைப் போர்த்திவிட்டால் முடிந்தது. பார்க்கிறவர்களுக்கு அந்தக் கல்யாணத்தில் யாரும் யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்று தோன்றும். அதற்குத்தான் நம்மைத் தேடி வருகிறார்கள்.

எங்கள் கம்ப்யூட்டர் அந்த நாட்களில் சாகக் கிடந்தது. கம்ப்யூட்டர் என்று சொல்வது பாவம், அதற்குள் படங்களைச் சேர்த்து வைக்கும் எஸ்.எஸ்.டி.தான் நிரம்பி வழிந்து, இழுத்துக்கொண்டு கிடந்தது. ஒரு படத்தைத் திறந்தால் ஓடாது. திக்கித் திக்கி நிற்கும். நான் எழுந்து போய் சாம்பாரைத் தாளித்துவிட்டு வருவேன், அது அதே இடத்தில் நிற்கும். வேறு வழியில்லை, புதிதாக ஒன்று போட்டாக வேண்டும் என்று முடிவானது. சண்டை அங்கே ஆரம்பித்தது.

அவருக்கு வேகம் வேண்டும். காரணம் இல்லாமல் இல்லை. பூந்தமல்லி மண்டபங்களில் இப்போது வந்திருக்கும் பையன்கள் காலையில் முகூர்த்தத்தை எடுத்து, பந்தியில் உட்கார்ந்தவர்கள் கை கழுவி வருவதற்குள் அதைப் பெரிய திரையில் ஓட்டிக் காட்டிவிடுகிறார்கள். தாலி ஏறிய ஈரம் காயவில்லை, அதற்குள் பாட்டோடு படம். எங்களுக்குத் தொடர்ந்து வேலை கொடுத்துக்கொண்டிருந்த மண்டபக்காரர் ஒருவரும், 'உங்களால அது மாதிரி முடியுமா?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். என் கணவர் புலம்புகிற ஆள் இல்லை. சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், பாதியில் எழுந்து போய்விடுவார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனாலும் எனக்கு இடம்தான் வேண்டும். மண்டபத்தில் எடுத்த மூலப் படத்தை, வேலை முடித்துக் கொடுத்த பிறகு அழித்துவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். வந்து வாங்கிக்கொள்ளாதவர்களின் படத்தை எப்படி அழிப்பது? மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஆல்பத்தையும் வீடியோவையும் வாங்கிப் போயிருப்பார்கள். பெண் வீட்டுக்கான பென்டிரைவ் என் மேசை இழுப்பறையிலேயே கிடக்கும். போன் செய்தால், 'வர்றோம்மா' என்பார்கள், வர மாட்டார்கள். அந்தக் கல்யாணம் என்ன ஆனது என்று அதற்கு மேல் நான் கேட்பதில்லை. பென்டிரைவை எடுத்து எறியவும் மாட்டேன்.

அப்படி வராமல் போன ஒரு பெண்தான் ஒரு மத்தியானம் போன் செய்தாள். சென்னீர்குப்பத்துப் பெண்.

"அக்கா, என் கல்யாண ஊடியோ இன்னும் கீதா? அழிச்சிட்டீங்களா?"

இருக்கிறது என்றேன். அவள் பெருமூச்சு விட்டது காதில் கேட்டது.

அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாளாம். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்றாள். அவளுக்கு வேண்டியது தையல் மெஷின் ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன்னால் அம்பத்தூரில் ஒரு துணிக் கம்பெனியில் வேலை பார்த்துச் சேர்த்து, தானே வாங்கிய மோட்டார் மெஷின். அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சீர் வரிசையோடு சேர்த்து மண்டபத்தில் வைத்திருந்தார்கள். இப்போது மாப்பிள்ளை வீட்டில் அது தங்கள் பையன் வாங்கியது என்கிறார்களாம்.

"வீடியோவுல மெஷின் நல்லாத் தெரியுமேம்மா?"

"அத அவங்களும் பாத்துட்டாங்கக்கா. எங்க பையன் வாங்கினதுதான், பொண்ணு ஊட்டு மானத்துக்காவ சீரோட வெக்கச் சொன்னோம்னு சொல்றாங்க. ரெண்டு பக்கமும் பெரியவங்க ஒக்காந்து பேசப் போறாங்க. அன்னிக்கு மிஷின் கிட்ட நின்னுகினு யாராச்சும் எதுனா பேசிகீறாங்களான்னு பாத்துச் சொல்றீங்களா? ஜாக்கெட்டுக்குக் கைல ஊக்கு தெச்சிகினு எத்தினி நாளு ஓட்டுறது?"

முடித்துக் கொடுத்த வீடியோவில் அந்த இடத்தில் நாதஸ்வரம்தான் ஓடும். நான் போட்டது. பேச்சு இருந்தால் மூலப் படத்தில்தான் இருக்க வேண்டும். அதைத் திறந்து பார்த்தேன். வழக்கம்போலத் திக்கி நின்றது, பிறகு திரை முழுவதும் உறைந்துவிட்டது. பேசினார்களா இல்லையா என்றே தெரியவில்லை. வெளியே மாட்டுகிற பெரிய டிஸ்க் ஒன்று முன்பு இருந்தது, மேசையிலிருந்து விழுந்து சில கல்யாணங்களைச் சேர்த்துக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு அந்த வகையை நான் நம்புவதில்லை.

மெட்ரோ வேலைக்காக அடித்திருந்த தகரத்தைச் சுற்றிக்கொண்டு பூந்தமல்லிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருவருமே கடுகடுவென்று இருந்தோம். கடைக்காரர் பாய் எங்களுக்குப் பழக்கமானவர். இரண்டு டிரைவை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். ஒன்று சூயிங்கம் பட்டை அளவு, மற்றொன்று மெல்லிய சோப்பு டப்பா மாதிரி.

"வெல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் அண்ணாத்தே. இது பறக்கும், ஆனா எடம் கம்மி. இது நெறையக் கொள்ளும், அவ்ளோ வேகம் வராது. ஸ்பீடு வேணுமா, எடம் வேணுமா?"

"ஸ்பீடு" என்றார் அவர்.

"எடம்" என்றேன் நான்.

பாய் சிரித்துக்கொண்டு கல்லாப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

"ஊர்ல எல்லாரும் பட்டாபிராம்ல எடம் வாங்குறாங்க பாய், எங்க ஊட்ல மட்டும் கம்ப்யூட்டர்ல எடம் கேக்குறாங்க" என்றார் என் கணவர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன். இந்தச் சின்ன டிரைவை வாங்கினால் மூலப் படங்களை அழித்தால்தான் அடுத்த கல்யாணத்தை உள்ளே ஏற்ற முடியும். அதை மட்டும் சொல்லிப் பயனில்லை என்று தோன்றியது. அந்தப் பெண் பேசியதை அங்கேயே நின்று சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது.

"அந்த மிஷினா? தோ பாரு, நாந்தான் எடுத்தேன். அந்தப் பொண்ணு முகூர்த்தப் பொடவையோட வந்து, அண்ணா, படத்துல மிஷின் முழுசா உயுதான்னு என்னாண்ட கேட்டுகினு போச்சி. கயுத்துல போட்ட நகய கூட அப்டி எடுக்கச் சொல்லல."

சிறிது நேரம் அந்தச் சின்ன டிரைவை விரலில் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கண்ணாடி மேல் வைத்துப் பாய் பக்கம் தள்ளினார்.

"எடத்தையே குடுங்க பாய்."

திரும்பி வரும்போது வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எதை விட்டுக்கொடுத்துவிட்டு வண்டி ஓட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். அந்த மண்டபம் இனி எங்களுக்கு இல்லை. அன்று அவர் மேல் வந்த பாசம், கல்யாணமான புதிதில்கூட எனக்கு வந்ததில்லை. அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் வண்டியை எங்காவது விட்டுவிடுவார்.

பழையதில் இருந்த எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றி ஓட்டிப் பார்த்தபோது படம் தடங்கலின்றி ஓடியது. பறக்கவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணை வரச் சொன்னோம். மெலிந்திருந்தாள். விரல் நுனிகளில் ஊசி குத்திய தழும்புகள். என் கணவர் அவளுக்கு நாற்காலி போட்டுவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டார்.

சீர் வரிசைப் படத்தை முதன்முறையாகச் சத்தத்தோடு ஓட்டினேன். ஒரே இரைச்சல். மைக்கில் யாரோ பாத்திரங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், மெஷினைச் சொல்லவே இல்லை. அந்தப் பெண் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். கேமரா மெஷின் பக்கம் திரும்பியது. படத்தில் ஆள் தெரியவில்லை. கேமராவுக்கு ரொம்பப் பக்கத்தில், ஒரு பெண்மணி வேறு யாரிடமோ சொல்வது மட்டும் பளிச்சென்று கேட்டது.

"தோ, இந்த மிஷினு எங்க மருமவ தானா வேலைக்குப் போயி வாங்குனது. அவங்கப்பன கூட கேக்கலயாம். கைல தொயில வெச்சிகினு வர்றா பாரு எங்க ஊட்டுக்கு."

நான் நிறுத்தினேன்.

"எங்க அத்த கொரலு" என்றாள் அவள். "இன்னொரு தபா போடுங்கக்கா."

மறுபடியும் போட்டேன். இனி மெஷின் வந்துவிடும் என்ற சந்தோஷத்தில் நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவளோ புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த இடத்தை மட்டும் வெட்டி அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன்.

பெரியவர்கள் பேசி முடித்த மறுநாள் போன் வந்தது.

"மிஷினு வந்துடுச்சிக்கா. பேச்சு அவங்க ஊட்லதான், அத போட்டுக் காட்னேன். அத்த முழுசா கேட்டாங்க. அப்பால எயிந்து போயி, மிஷினு மேல கெடந்த துணியெல்லாம் அவங்களே எட்த்து வெச்சிட்டு, தூக்கினு போங்கன்னுட்டாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்மா என்றேன்.

"என் ஊடியோவ அழிச்சிடுங்கக்கா. தாலி கட்னது, ரிசப்ஷனு, அல்லாத்தையும். இனிமே எனக்கு இன்னாத்துக்கு அது?"

சரி என்றேன்.

"அத்த பேசுனது மட்டும் இருக்கட்டும். என் போனு உடஞ்சா பூடும், உங்க கிட்டயும் இருக்கட்டும்."

"மெஷின்தான் வந்துடுச்சேம்மா?"

அந்தப் பக்கம் மோட்டார் ஓடி நிற்கும் ஓசை கேட்டது.

"அந்த ஊட்ல இருந்த வரைக்கும் யாரும் என்னப் பத்தி ஒரு வார்த்த நல்லதா சொல்லி நான் கேட்டதில்லக்கா. இது ஒண்ணுதான் கீது."