சின்ன எஞ்சினுக்குப் பெரிய ஹெட்

அப்பாவின் தங்கை கணக்கு டீச்சர். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டின் பின்பக்கத்து அறைகளில் தனியாக இருந்தாள். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதும், ஷெட்டில் தாத்தாவின் பழைய கார் ஓடாமல் நிற்கிறது என்பதும் எங்கள் வீட்டில் ஒரே பெருமூச்சில் சொல்லப்படும் இரண்டு குறைகள்.

காரின் எஞ்சினுக்கு மூடி போல் மேலே உட்காரும் ஹெட்டில் விரிசல். எனக்கு ஒன்பது வயதானபோது அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: கிறிஸ்துமஸுக்குள் ஓடாவிட்டால் பழைய இரும்பு வாங்கும் குஜரிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு ஷெட்டை வாடகைக்கு விடுவது.

"இந்த வண்டி கேட்டைத் தாண்டினா ஓடித்தான் தாண்டும்ணா," என்றாள் அத்தை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மர்பி டவுனிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரர் வந்தார். நான் அவரை அங்கிள் என்றேன். கேட்டால் தலையசைப்பார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. எங்கள் காருடையது சின்ன எஞ்சின். அதற்கான ஹெட் அவருக்கு எங்கும் கிடைக்கவில்லை. அதே கம்பெனியின் பெரிய எஞ்சினுக்கான ஹெட் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்திருந்தார். போல்ட் துளைகள் எல்லாம் பொருந்தின. நான் கைதட்டினேன். அவர் எஞ்சினைக் கையால் சுற்றினார். பாதிச் சுற்றில் 'டக்' என்று நின்றது.

"வால்வு பெருசு டீச்சர். தெறக்கும்போது கீழ எஞ்சின் பிளாக்கோட ஓரத்துல இடிக்குது."

"இடிக்கிற எடத்தக் கொடஞ்சு எடுத்துட்டா?"

"எடுக்கலாம். ஆழம் கொஞ்சம் கூடினாலும் பிளாக்கே போயிடும்."

"கூடாம எடுங்க," என்றாள் அத்தை.

இடிக்கிற வால்வுகள் நான்கு. அவர் கை கட்டரால் மயிரிழை மயிரிழையாகக் குடைவார். குடைந்த இடத்தில் அத்தை என் பள்ளிக்கூடக் களிமண்ணை அப்புவாள். ஹெட்டை மாட்டிச் சுற்றி, மறுபடி கழற்றி, நசுங்கிய களிமண்ணின் கனத்தை அளப்பார்கள். எவ்வளவு இடைவெளி கிடைத்திருக்கிறது என்று அது காட்டிவிடும். அத்தை கணக்குப் போடுவாள். அவர் மீண்டும் குடைவார். ஒரு ஞாயிறுக்கு ஒரு வால்வு.

இரண்டாவது வால்வு முடிந்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அந்தக் காரில்தான் வருவேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அம்மாவின் போனில் தேடித் தேடி, ஹெப்பகோடியில் ஒருவர் சின்ன எஞ்சினின் ஹெட்டையே விற்பதைக் கண்டுபிடித்தேன். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் நானே பேசி உறுதி செய்துகொண்டு ஷெட்டுக்கு ஓடினேன்.

"அத்தே, நம்ம சைஸ் ஹெட்டே இருக்கு! கொடையவே வேணாம். இன்னைக்கே போட்டுடலாம்!"

"வேண்டாம்," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

பேசாத அங்கிள் அன்று பேசினார். பெரிய ஹெட் என்றால் எஞ்சின் நன்றாக மூச்சு இழுக்குமாம், மேட்டில் திணறாதாம். அத்தை களிமண்ணைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

கோபத்தோடு போய் அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேருமா சொன்னாங்க?"

"ஆமா. ஒண்ணா."

வால்வு, பிளாக் எல்லாவற்றையும் விளக்கினேன். அம்மா காதில் வாங்கவில்லை. இரண்டு தட்டுகளில் சாப்பாடு போட்டு, அவளே ஷெட்டுக்கு எடுத்துப் போனாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு எஞ்சின் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. அப்பா முகத்தில் ஷேவிங் சோப்போடு ஓடிவந்தார். அத்தை கியர் போட்டு, கேட்டைத் தாண்டி, தெருமுனை வரை போய்த் திரும்பினாள். அவள் அழுததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். குஜரிக்காரர் பேச்சை அப்பா அப்புறம் எடுக்கவில்லை.

ஆனால் அங்கிள் அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். பாதி நேரம் பானெட்டைத் திறக்கக்கூட மாட்டார். சின்ன எஞ்சினில் பெரிய ஹெட்டை மாட்டினால் இப்படித்தான், வாரா வாரம் ஆள் வந்து பார்க்க வேண்டியிருக்கிறது, நான் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். மறு வருஷம் சர்ச்சில் அத்தையும் அவரும் மோதிரம் மாற்றிக்கொண்டபோது எனக்குப் பெரிய நிம்மதி. இனி அந்த எஞ்சினைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு ஒரு ஆள் கிடைத்துவிட்டார்.