தூக்கிக்கொண்டு வந்த காலம்

சென்ற வாரம் கேம்ப் ரோட்டில் என் ஸ்கூட்டர் பஞ்சர். ஒட்டுப் போடுகிறவர் டியூபைச் சூடு காட்டியதும் எழுந்த ரப்பர் வாசனை, என்னை நேராகக் காதர் பாயின் டயர் கடைக்குக் கொண்டுபோய்விட்டது.

பல வருஷங்களுக்கு முன், நான் சேலையூரில், நடக்க முடியாத பிள்ளைகளுக்கான பயிற்சி மையத்துக்கு நன்கொடை திரட்டும் வேலையில் புதிது. கேட்கப் போன வீடு பூட்டியிருந்தால் உள்ளுக்குள் சந்தோஷப்படுவேன். வேலை பார்த்த லட்சணத்தைப் பாருங்கள்!

அந்தச் சமயத்தில் பிள்ளைகளை அழைத்துவரும் வேன் படுத்துவிட்டது. பாதிப் பேர் வீட்டிலேயே முடங்கினார்கள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலை மேனேஜர் புது வேனே வாங்கித் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை.

"ஆண்டு விழாவுல பசங்க ஸ்டேஜ்ல தவழ்ந்து வந்து சாவிய வாங்கிக்கணும் மேடம். பாக்கறவங்களுக்கு டச்சிங்கா இருக்கும்."

"வேண்டாம் சார்" என்றேன். சொன்னது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகம்.

ராஜி என்ற சிறுமியை அவள் அம்மா கோவிலம்பாக்கத்திலிருந்து இடுப்பில் சுமந்து, பஸ் மாறி மாறி அழைத்துவருவார். முதலில் அவரிடம்தான் சொன்னேன்.

"நான் தூக்கினே வரேன் மேடம். எம்பொண்ணு அப்டி தவழ்ந்து வர வேணாம்."

மறுநாள் வேனுக்காக நன்கொடை கேட்டுக் கடைவீதியில் இறங்கினேன். காதர் பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "கம்பெனில வண்டி தர்றாங்கன்னு கேள்விப்பட்டேனே, இன்னா ஆச்சு?"

நடந்ததைச் சொன்னேன். அவர் எதிர்க்கடை மெக்கானிக்கைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மச்சான், அந்தப் பழைய வேனை இழுத்துனு வா. டயரு என்னுது. இன்ஜினை நீ பாத்துக்க."

சீட் தைப்பவரும் பெயிண்டரும் தாமாக வந்து சேர்ந்துகொண்டார்கள். வேன் மறுபடி ஓடிய முதல் நாள், ராஜியின் அம்மா மகள் பக்கத்தில் உட்கார்ந்து, வெறுங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வாசற்படி ஏறிவிட்டேன். பிள்ளைகளின் கண்ணீரை எங்கும் விற்றதில்லை. செய்கிற வேலையைச் சொன்னேன், கேட்டேன். அப்படிக் கேட்டே மையத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்தது. இதில் எனக்கு என்ன அடக்கம் வேண்டிக்கிடக்கிறது? பெருமைதான்.

பாய் காலமாகிவிட்டார். கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட செல்போன் ஷோரூம். நன்கொடையும் செல்போனில்தான் வருகிறது, முன்னைவிட நிறையவே. அனுப்பியவர் முகம்தான் தெரிவதில்லை. பாய் செய்ததுபோல், வேன் கிளம்பும்போது கூடவே நாலு எட்டு நடந்து, சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டுப் போக, அவர்களில் யாரும் வருவதில்லை.