ஞாயிற்றுக்கிழமை ஊசி

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது ஹைதராபாத்தில் என் டாக்டர் ஒருவருக்குத்தான் தெரியும். மாத்திரைகள் உடம்பைத் தேற்றிவிட்டன. தலைதான் மந்தமாகிக்கொண்டே வந்தது. பேகம்பேட் அலுவலகத்தில், நானே எழுதிய புரோகிராமை வேறு யாரோ எழுதியதுபோல முழித்துப் பார்ப்பேன். மீட்டிங்கில் பாதிப் பேச்சில் வார்த்தை காணாமல் போகும். டாக்டர் சில வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு பேசிவிட்டு, அவற்றைத் திரும்பச் சொல்லச் சொன்னார். ‘குடை’ ஒன்றுதான் ஞாபகம் வந்தது. மூளையை வைத்துப் பிழைக்கிறவனுக்கு இதைவிட என்ன கேவலம் வேண்டும்? பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். அவரிடம் எரிந்து விழுந்தேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். இந்த வைரஸ் மூளையையும் தொந்தரவு செய்யலாம். வேர்க்க வேர்க்க நடந்தால் ஞாபகத்துக்கு நல்லது என்கிறார்கள், சத்தியம் செய்து சொல்ல முடியாது, ஆனாலும் விடாமல் நட என்றார்.

நடப்பதில் என்ன கஷ்டம்? அல்வாலில் நம் தமிழ் ஆட்கள் இருக்கும் காலனியில் ஒருநாள் தனியாக நடந்து பாருங்கள், தெரியும். என் வீட்டுக்காரர் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற திருநெல்வேலி அண்ணாச்சி. நான் மாடியில், அவர் கீழே. இரண்டாம் நாளே கேட்டில் வழி மறித்தார்.

“என்னடே, இந்த வயசுல நடை? மாத்திர வேற முழுங்குதியாம்ல. சுகரா?”

“ஆமா அண்ணாச்சி.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அன்றோடு என் தனி நடை முடிந்தது. விடியும்போதே கதவைத் தட்டுவார். மைதானத்தில் அவர் கூட்டாளிகளோடு சேர்ந்து சுற்றுவேன். பாகற்காய்ச் சாறு வந்தது. அவர் வீட்டுப் பண்டிகைகளில் என் இலைக்கு மட்டும் பாயசம் வராது. பாயசம் என்றால் எனக்கு உயிர். ஆனால் நடை உதவியது, அதை மறைக்க முடியாது. அலுவலகத்தில் வார்த்தைகள் மெல்லத் திரும்பி வந்தன. நடையை நிறுத்த எனக்கு மனமில்லை.

சிக்கல் ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்தது. அண்ணாச்சியின் மகன் அமெரிக்காவிலிருந்து சுகர் மெஷின் அனுப்பியிருந்தார். நடை முடிந்ததும் வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் எல்லோரும் விரலை நீட்டுவார்கள். மெஷினில் செருகும் பட்டை ஆளுக்கு ஒன்று. குத்துகிற ஊசி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான், அதுவும் அமெரிக்காவிலிருந்து வரவேண்டுமாம். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு, அடுத்த விரல். முதல் ஞாயிறு அதைப் பார்த்ததும் குறுக்கே பேசிவிட்டேன்.

“ஒருத்தருக்குக் குத்துன ஊசிய இன்னொருத்தருக்குக் குத்தக் கூடாது அண்ணாச்சி.”

“நக்கோடே, அதெல்லாம் வேண்டாம்! நாமல்லாம் நல்ல குடும்பத்து ஆளுக. நமக்கு என்ன வரப்போகுது?”

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். ஊசி என்றால் மயக்கம் வரும் என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தடுத்த ஞாயிறுகளில் தலைவலி, அலுவலகம் என்று சாக்குச் சொல்லி ஓடினேன். ஓடினாலும் அந்த ஒற்றை ஊசி கண்ணுக்குள்ளேயே நின்றது. கடைசியில் சிகந்தராபாத்தில் அதே ஊசியில் ஒரு பெட்டி வாங்கி அவர் கையில் கொடுத்தேன். இனி ஆளுக்கு ஒன்று, அப்படியென்றால்தான் நானும் விரல் நீட்டுவேன் என்றேன். தம்பிக்குப் பெரிய மனசு என்று பாராட்டினார்கள்.

சொன்ன சொல்லுக்குத் தப்ப முடியுமா? புது ஊசியால் நானே குத்திக்கொண்டு, ரத்தம் பட்டதையெல்லாம் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அண்ணாச்சி மெஷினைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இல்லாத சுகர் எங்கிருந்து வரும்? பொய் வெளுத்தது, வீடும் போனது என்று நினைத்தேன்.

“ஏ, சுகர் ஓடிப்போச்சுடே!” என்று கத்தினார். “பாத்தியளா, நம்ம நடை செஞ்ச வேலைய! இனி மாத்திரையத் தூக்கிப் போடு. காலைல நிம்மதியாத் தூங்கு.”

கூட்டாளிகள் கைதட்டினார்கள். அண்ணாச்சி வேர்வையோடு என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். நோய் தெரிந்த நாளிலிருந்து என்னை ஒருவரும் அப்படித் தொட்டதில்லை. என் நோய் இன்னதென்று தெரிந்தால் முதலில் விலகுவது இந்தக் கைகளாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். பைக்குள் இருந்த காகிதப் பொட்டலம் அவர்மேல் பட்டுவிடாதபடி அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, அவர் விடும்வரை அசையாமல் நின்றேன்.