பாதி பொங்கல்

1. மருத்துவமனையில் டயட்டீசியன் பயிற்சிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் பௌர்ணமியன்று வந்தது.
2. கிரிவலக் கூட்டத்துக்காகப் பேருந்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.
3. நடந்ததில் செருப்பு அறுந்தது.
4. மருத்துவமனைக் காவலாளி என் வெறுங்காலைப் பார்த்தார். கிரிவலம் வந்தவள் என்று முடிவுசெய்து, சர்க்கரைப் பொங்கல் தொன்னையைக் கையில் வைத்தார்.

வாசலில் அன்னதானம் அவர் பொறுப்பு. காக்கிச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. யாருக்கு எவ்வளவு என்பதை முகத்தைப் பார்த்தே முடிவுசெய்தார், யாரையும் கேட்கவில்லை.

“சார், டயட்டீசியன் ட்ரெய்னிங்குக்கு அப்ளிகேஷன் குடுக்கணும். அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிடுவாங்க.”

“இன்னும் இருவது நிமிஷம் இருக்குதுமா, சாப்ட்டுட்டுப் போங்க. எனக்கு சுகர் இருக்குது. இதுல எவ்ளோ சாப்புடலாம்?” தன் தொன்னையைக் காட்டினார்.

“சாப்பிடாம இருக்கறதே நல்லதுங்க.”

“அத டாக்டரே சொல்லிட்டாரு. நீங்க வேற எதுனா சொல்லுங்க.”

கேட் மூடியிருந்தது, மணி ஓடிக்கொண்டிருந்தது. “சரி, பாதி சாப்பிடுங்க” என்றேன்.

உடனே பாதியை என் தொன்னையில் தள்ளிவிட்டு, மீதியைப் பொறுமையாகச் சாப்பிட்டார். பிறகு இன்னொரு தொன்னையை எடுத்தார். அதிலும் பாதி எனக்கு. மூன்றாவதிலும் அப்படியே.

“நீங்க சொன்னாப்ல பாதிதாம்மா” என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

அவர் என் ஆலோசனையை மீறினாரா, கடைப்பிடித்தாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, முதல் பக்கத்தில் நெய்க்கறையோடு விண்ணப்பத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். பதில் இன்னும் வரவில்லை.